ரிச்மண்ட் வீட்டில் ஒரு கிரேக்கத் தேர்தல்

போன தேர்தலில் மெல்பேர்ன் வெரிபீப் பள்ளிக்கூட மண்டபத்தில் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் நீங்கள்தான். மேசையில் இருந்த பிள்ளை வாக்காளர் பட்டியலில் என் பெயரைத் தேடிப் பிடித்து, அதன்மேல் அளவுகோல் வைத்துக் கோடு இழுக்கும்வரை நான் மூச்சு விடாமல் நின்றேனாம். வெளியே வந்ததும், "என்னப்பா, உமக்கு இன்னும் விசா கிடைக்கேல்லையோ?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டே சொசேஜ் விற்கிற பக்கம் போய்விட்டேன். பாணும் வெங்காயமும் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய கதை அல்ல அது. இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

நம்மில் அநேகர் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர்கள். நான் அதற்கு முன்பே ஒருமுறை வந்துபோனவள். அறுபத்தொன்றாம் ஆண்டு, என் பதினொரு வயதில். அப்பா இலங்கையில் அரசாங்க எஞ்சினியர். அவருக்கு மெல்பேர்னில் இரண்டு வருடம் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. வெள்ளையர் அல்லாதவர்கள் இங்கே குடியேற முடியாத காலம் அது. படிக்க வந்தவர் படித்து முடித்ததும் போய்விட வேண்டும். அப்பா அதில் மிகவும் கவனமாக இருந்தார். "நாங்கள் விருந்தாளியள். விருந்தாளி வீட்டுச் சண்டையில வாய் வைக்கக்கூடாது" என்பார்.

விருந்தாளிகளுக்கு வீடு கிடைக்கவில்லை. பத்திரிகையில் விளம்பரம் பார்த்துப் போவோம். கோட்டும் ரையுமாக அப்பா கதவைத் தட்டுவார். கதவு திறக்கும். ஒரு பார்வை எங்கள் மூவர் முகத்திலும் ஓடி அம்மாவின் சேலையில் நிற்கும். "இப்போதுதான் அறை போய்விட்டது." ஒரு வீட்டில் எதுவும் சொல்லாமலே கதவை அடித்துச் சாத்தினார்கள். என் விரல் கதவு நிலையில் இருந்தது. அந்த நகம் இப்போதும் கோணலாகத்தான் வளர்கிறது.

ரிச்மண்டில் ஒரு கிரேக்கர்தான் எங்களை உள்ளே விட்டார். அவரை நாங்கள் வீட்டுக்காரர் என்றே சொல்வோம். ரயர் தொழிற்சாலையில் வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கையில் ரப்பர் மணக்கும். எங்களைப் பார்த்து, அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இந்த ஊர்க்காரனுக்கு நீயும் கறுப்பு, நானும் கறுப்பு. வா, கோப்பி குடி" என்றார். அம்மாவின் பெரிய இரும்புப் பெட்டியைத் தனியாகவே தூக்கி வந்து வைத்தார். அம்மாவின் சாமிப் படங்களுக்குச் சுவரில் தட்டு அடித்துக் கொடுத்தார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அவர் கெட்டவர் என்று நீங்கள் முதலிலேயே நினைத்துவிடக்கூடாது.

ஒடுங்கிய செங்கல் வீடு. முன் அறைகள் இரண்டும் எங்களுக்கு. நடுவில் அவர்களுடைய அறை, அதற்குப் பின்னால் குசினி. குசினிக்கு அப்பால் ஓர் ஒற்றை அறை. பின்முற்றத்தில் துணி காயும் கம்பி, ஒரு எலுமிச்சை மரம், மூலையில் கக்கூசு. பின்வேலியில் ஒரு பலகைப் படலை. அதைத் திறந்தால் கருங்கல் பாவிய சந்து, எங்கள் பேச்சில் ஒழுங்கை. காற்று ஒரு பக்கமிருந்து வந்தால் பியர் வடிக்கும் ஆலையின் தானியம் அவியும் மணம், மறுபக்கமிருந்து வந்தால் தக்காளி வேகும் மணம்.

வீட்டுக்காரரின் மனைவியை நான் அன்ரி என்பேன். ஒற்றை அறையில் அன்ரியின் ஒன்றுவிட்ட தம்பி இருந்தார். எல்லாரும் ஒரே மலைக் கிராமத்து ஆட்கள். அந்தத் தம்பிக்கு இருபத்து நான்கு வயதிருக்கும். நான் அவரைப் பின்னறை அண்ணா என்று கூப்பிட்டேன். அவருக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது.

பின்னறை அண்ணாவுக்கு நான்தான் ஆங்கில வாத்தியார். பின்னேரங்களில் குசினி மேசையில் என் பள்ளிக்கூட வாசிப்புப் புத்தகத்தை விரித்துவைத்து வரி வரியாகப் படிப்போம். கிரேக்கத்தில் "நே" என்றால் ஆம். அது எனக்கு ஆங்கிலத்து "நோ" போலக் கேட்கும். அவர் "நே, நே" என்பார், நான் விளங்கவில்லையாக்கும் என்று மறுபடி சொல்லிக் கொடுப்பேன். பிறகு எங்களுடைய "ஓம்" என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வகுப்பில் ஆம் என்பதற்கு அதுதான் சொல் என்று முடிவாயிற்று.

ஒக்டோபர் கடைசியில் அவர்களுடைய நாட்டில் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. அதற்கு முதல் ஒரு மாதமாகவே வீட்டில் வெக்கை. வீட்டுக்காரரின் தகப்பனை உள்நாட்டுப் போரில் மலையிலிருந்து இறங்கிவந்த கெரில்லாக்கள் கிணற்றடியில் வைத்துச் சுட்டிருந்தார்கள். அரசாங்கக் கட்சி தோற்றால் அந்தக் கூட்டம் திரும்ப வரும் என்பது அவருடைய பயம். பின்னறை அண்ணாவின் தகப்பன் பள்ளிக்கூட ஆசிரியர். அதே போருக்குப் பிறகு, மலையிலிருந்து வந்த யாருக்கோ ரொட்டி கொடுத்தார் என்று மூன்று வருடம் தீவொன்றில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரே கிராமத்து இரண்டு வீடுகள். ஒரே மேசையில் இருந்து அவரைவிதைச் சூப் குடித்தார்கள்.

தேர்தல் நடந்து இரண்டாம் நாள் பொழுதுபட வீட்டுக்காரர் முதலில் வந்தார். வலது கை முட்டிகள் வீங்கித் தோல் கிழிந்திருந்தன. அரை மணி கழித்துப் பின்னறை அண்ணா வந்தார். கீழ் உதடு இரண்டாகப் பிளந்திருந்தது. நகரத்தில் கிரேக்கர்கள் கூடும் கோப்பிக் கடையில் மேசை கதிரைகள் பறந்திருக்கின்றன. இருவரும் ஒரே ட்ராமில்தான் வேலைக்குப் போய்வருவார்கள். அன்று வெவ்வேறாக வந்தார்கள். அன்ரி இருவருக்கும் சாப்பாடு வைத்தார். பின்னறை அண்ணா சூப்பை உறிஞ்சும்போதெல்லாம் கோப்பைக்குள் இரத்தம் சொட்டியது. அவர் அதையும் சேர்த்துக் குடித்தார்.

ஆளும் கட்சி வென்றுவிட்டது. எதிர்க்கட்சிகள், இது அடிதடியாலும் களவாலும் எடுத்த வெற்றி, ஏற்கமாட்டோம் என்றன. செத்தவர்கள் வாக்குப் போட்டிருக்கிறார்கள், மரங்கள்கூடப் போட்டிருக்கின்றன என்று பின்னறை அண்ணா பிளந்த உதட்டால் எனக்குச் சொன்னார். மரம் எப்படிக் கையெழுத்து வைக்கும் என்று கேட்டுச் சிரித்தேன்.

அப்பா எங்கள் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "காட்டுச் சனம். எங்கட நாட்டில எலெக்சன் எண்டால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போற மாதிரியெல்லே போவம்."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஓம். போட்டுவிட்டு வந்து பிறகு அடிப்பாங்கள்" என்றாள்.

அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, கொழும்பில் கிளாக்கராக இருந்தவர். ஐம்பத்தெட்டில், தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்தில், ரயில் நிலையத்தில் வைத்து அவரை அடித்தார்கள். பட்டப்பகல். மேடை நிறையச் சனம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தார். விசாரணைக்கு வந்த அத்தனை பேரும், நாங்கள் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம் என்று சொன்னார்கள். அப்பாவுக்கு அது ஒரு முறை நடந்த பிசகு. முடிந்த கதை. இந்தப் பேச்சு நடந்து இருபது வருடம் கழித்து எங்கள் ஊரில் ஒரு தேர்தலில் அவர் வேட்டி கட்டி வாக்குச்சாவடிக்குப் போய், "உங்கட வோட்டு விழுந்திட்டுது ஐயா" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டு, விரலில் மை இல்லாமல் வீட்டுக்கு வந்தார். வெரிபீயில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான். ஆனால் அது வேறு கதை.

நவம்பரில் பின்னறை அண்ணாவுக்குத் தாயிடமிருந்து கடிதம் வந்தது. மேசையில் நானும் இருந்தேன். படித்து முடித்துவிட்டுக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எனக்குச் சொன்னார். அவருக்கு அப்போது ஆங்கிலத்தில் நிகழ்காலம் மட்டும்தான் சரியாக வரும்.

"அப்பா போகிறார். பட்டியல் பார்க்கிறார்கள். நீ போட்டுவிட்டாய் என்கிறார்கள். அப்பா, நான் இப்போதுதான் வருகிறேன் என்கிறார். கோயிலுக்குப் பின்னால் கூட்டிப் போகிறார்கள். துவக்கின் பின்பக்கத்தால் அடிக்கிறார்கள். ஒரு கண் போகிறது."

நான் வாத்தியார் அல்லவா? நடந்து முடிந்ததை அப்படிச் சொல்லக்கூடாது என்று ஒவ்வொரு வினைச்சொல்லாகத் திருத்தினேன். அடிப்பதற்கு வந்தபோது, "ஹிட் என்பதற்கு இறந்தகாலமும் ஹிட்தான். அது மாறாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்போது, அடித்து முடிந்ததா, இன்னும் அடிக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

கடிதங்கள் தபாலில் உடைக்கப்படும் என்ற பயத்தில் தாய் யாருடைய பெயரையும் எழுதவில்லை. "அடித்தவன் சீக்கிரம் உன் மேசைக்குச் சாப்பிட வருவான்" என்று மட்டும் எழுதியிருந்தாள். வீட்டுக்காரரின் தமையன் கிறிஸ்மஸுக்கு முன் கப்பலில் வர இருந்தார். ஊர்க்காவல் படையில் துவக்கு வைத்திருந்தவர் அவர்.

அன்ரியிடமும் கடிதத்தைக் காட்டினார். அன்று நடு அறையில் அன்ரி அழுதது கேட்டது. பிறகு வீட்டுக்காரரின் குரல். பிறகு அடி. சுவரில் எங்கள் சாமிப் படங்கள் ஒவ்வொரு அடிக்கும் தட்டில் நடுங்கின. அப்பா பாடப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். வீட்டுக்காரர் வேலைக்குப் போனபின் அம்மா உப்பு வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு குசினிக்குப் போனாள். அன்ரியின் கன்னத்திலும் தோளிலும் ஒத்தடம் கொடுத்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அம்மா தமிழிலும் அன்ரி கிரேக்கத்திலும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

தமையன் வந்த நாள் எல்லாரும் துறைமுகத்துக்குப் போனோம். பின்னறை அண்ணாவும் வந்தார். சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கப்பலில் இருந்து நிறக் கடதாசி நாடாக்கள் தொங்கின. வாத்தியக்காரர் ஊதினார்கள். இறங்கி வந்த தமையன் பெரிய ஆள். சிரித்த முகம். எல்லாரையும் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். பின்னறை அண்ணாவையும் கொஞ்சினார். அண்ணா அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு தமையன் பையிலிருந்து நூலில் கோத்த காய்ந்த அத்திப்பழ மாலை ஒன்றை எடுத்து என் கழுத்தில் போட்டு, என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை ஒரு செம்மறிக் குட்டியைக் கொண்டுவந்து எலுமிச்சை மரத்தில் கட்டினார்கள். நான் புல் கொடுத்தேன். பின்னேரம் தமையன் அதைத் தொடைகளுக்கு நடுவில் பிடித்து, துணி துவைக்கும் தொட்டிக்கு மேலே கழுத்தைத் திருப்பி ஒரே இழுப்பில் அறுத்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். குட்டி கத்தவில்லை. கால்கள் மட்டும் தொட்டியின் தகரத்தில் வெகு நேரம் அடித்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அதை நீண்ட இரும்புக் கம்பியில் கோத்து முற்றத்தில் தணலில் சுட்டார்கள். வடக்கிலிருந்து அனல் காற்று வீசிய நாள். ஈக்கள். முற்றத்தில் போட்ட மேசைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். அம்மா, தான் இறைச்சி தின்பதில்லை என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அப்பாவும் நானும் இருந்தோம்.

பாதிச் சாப்பாட்டில் பின்னறை அண்ணா தமையனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். தமையன் வாய் நிறைய இறைச்சியோடு சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். அந்தப் பேச்சின் பொருள் எனக்குப் பின்னால், நீதிமன்றத்தில், கிரேக்க மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னபோதுதான் தெரிந்தது.

"என் அப்பாவின் கண் எப்படி இருக்கிறது?"

"மற்றதால் நன்றாகப் பார்க்கிறார்."

பின்னறை அண்ணா வைன் சாடியை எடுத்து அவருடைய முகத்தில் அடித்தார். சாடி உடைந்தது. தமையனின் புருவம் பிளந்து இரத்தம் கண்ணை மூடியது. மேசை கவிழ்ந்தது. வீட்டுக்காரர் நடுவில் பாய்ந்தார். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "உள்ள வா. அது அவையின்ர சண்டை." நான் கையை உதறிவிட்டு ஓடி மூலைக் கக்கூசுக்குள் நுழைந்து கொண்டி போட்டேன். அப்பா தனியே அறைக்குப் போய்விட்டார்.

கக்கூசுப் பலகைகளுக்கு இடையே விரல் அகலத்தில் இடைவெளிகள். ஒரு பக்கம் பார்த்தால் முற்றம், மற்றப் பக்கம் பார்த்தால் ஒழுங்கை. பின்னறை அண்ணா தன் சூட்கேஸோடு அறையிலிருந்து வெளியே வந்து, படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கினார். போய்விடத்தான் நினைத்தார். அவர் பத்து அடி போவதற்குள் தமையன் முன்வாசலால் சுற்றிக்கொண்டு தெருப் பக்கமிருந்து ஒழுங்கைக்குள் வந்தார். கையில் ஆடு சுட்ட கம்பி. நுனியில் இன்னும் கொழுப்பு ஒட்டியிருந்தது. மற்றப் பக்கம் தொழிற்சாலை மதில். பின்னறை அண்ணா திரும்பிப் படலைக்கு ஓடிவந்தார்.

வீட்டுக்காரர் படலையை உள்ளேயிருந்து அடைத்தார். கொண்டியைப் போட்டுவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து, இரண்டு குதிக்கால்களையும் தரையில் ஊன்றி நின்றார். வெளியே அண்ணா இரண்டு கைகளாலும் தட்டினார். வீட்டுக்காரரைக் கிரேக்கத்தில் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு தட்டுக்கும் வீட்டுக்காரரின் உடம்பு முன்னால் ஆடியது. அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

முதல் அடி தோளில். ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். இரண்டாவது, தடுக்கத் தூக்கிய கையில். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. விழுந்தபிறகும் அடித்தார். முதுகில், விலாவில். பிறகு கம்பியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு முகத்தில் குத்தினார். ஒரு முறைதான். பின்னறை அண்ணா போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன். சூட்கேஸ் வெடித்துச் சட்டைகள் சிதறிக் கிடந்தன. அவற்றின் நடுவில் என் வாசிப்புப் புத்தகம். அதைப் பொலிஸார் எடுத்துப்போனார்கள், திரும்ப வரவில்லை. தொலைத்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் தோல் வாரால் உள்ளங்கையில் நான்கு அடி வாங்கினேன்.

தமையன் போனபின் நான் முற்றப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். துணி காயும் கம்பிக்குப் பக்கத்தில், குசினிப் பின்படியின் மேல் அம்மா நின்றாள். அங்கிருந்து வேலிக்கு மேலால் ஒழுங்கை முழுவதும் தெரியும். கையில் பிழியாத படுக்கை விரிப்பு. அதிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் கால் நனைந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் அவள் அப்படியே நின்றிருக்கிறாள். பிறகு இறங்கி வந்தாள். வீட்டுக்காரரை ஒரு கையால் விலத்திவிட்டுக் கொண்டியைத் திறந்தாள். ஈர விரிப்பால் பின்னறை அண்ணாவின் தலையைச் சுற்றிக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கருங்கல்லில் இருந்தாள். எதிர்ப்பக்க வீட்டு வெள்ளைக்காரிதான் அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

மறுநாள் பின்னேரம் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் வந்தார். பின்னறை அண்ணா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். வீட்டுக்காரர் சொன்னார்: அவன் குடித்துவிட்டுச் சண்டை பிடித்தான், வெளியே போனான், தெருப் பொடியன்கள் யாரோ அடித்திருக்கிறார்கள். தமையன் புருவக் கட்டோடு தலையாட்டினார். அன்ரி குசினியில் இருந்ததாகவும் எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னார். அவருடைய கன்னத்தில் மறுபடியும் ஒரு நீலம், இரண்டு நாள் பழையது. சார்ஜன்ட் அதைப் பார்த்தார், எழுதவில்லை.

பிறகு என்னிடம் திரும்பினார். "நீ வெளியிலா இருந்தாய், சின்னப் பெண்ணே?"

அப்பா எனக்குப் பின்னால் நின்றார். கையை என் தோளில் வைத்து, சிரித்த முகத்தோடு தமிழில் சொன்னார்: "ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லு."

"நான் எதையும் பார்க்கவில்லை, சேர்" என்றேன்.

சார்ஜன்ட் புத்தகத்தை மூடப் போனார்.

"ஐ சீ" என்றாள் அம்மா.

அவளுடைய ஆங்கிலம் அவ்வளவுதான். கதவோரம் நின்றவள் முன்னால் வந்தாள். என்னைக் காட்டினாள். "ஷீ சீ. ஐ சீ." பிறகு விரலால் அல்ல, முழுக் கையாலும் தமையனைக் காட்டினாள். "ஹீ பீட்." வீட்டுக்காரரைக் காட்டும்போது அவளுடைய குரல் இறங்கியது. "ஹீ ஷட் டோர்."

வீட்டுக்காரர் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தார். கோபம் அல்ல அது. தன் பிள்ளை தனக்குக் கை நீட்டியதைப் பார்க்கிற தகப்பனின் முகம்.

சார்ஜன்ட் போய்க் கதவு சாத்தியதும் அப்பா அம்மாவை அறைந்தார். என் வாழ்நாளில் அவர் அவளை அடித்தது அந்த ஒருமுறைதான். அம்மாவின் தலை சாமித் தட்டில் இடித்தது. "ஆர் எங்களுக்கு வீடு தந்தது? நன்றி கெட்டவளே, ஆர் தந்தது?" என்று கத்தினார். அம்மா கன்னத்தைத் தடவவில்லை. "என்ர தம்பிக்கு அடிச்சவங்களை ஒருத்தரும் கண்டதெண்டு சொல்லேல்லை" என்றாள். "நேற்று நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். இண்டைக்கும் நிக்கச் சொல்லுறியளோ?"

அன்று இரவே வெளியேறச் சொல்லிவிட்டார்கள். பெட்டியை இம்முறை அப்பா தனியாக இழுத்தார். வாசலில் அன்ரி தன் நெஞ்சில் அறைந்துகொண்டு அம்மாவைத் திட்டினார். போன மாதம் ஒத்தடம் கொடுத்த கையைப் பார்த்துத் துப்பினார். தமையன் மறியலுக்கு, ஜெயிலுக்குப் போனால் அவர்களுடைய மானம் என்னாவது? அவசரத்தில் அம்மாவின் பித்தளை இடியப்ப உரல் அந்தக் குசினி அலுமாரியிலேயே நின்றுவிட்டது. ஒரு தேவாலயக்காரர் தந்த அறையில் போய் இருந்தோம். அப்பா ஏழு வாரம் அம்மாவுடன் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்பார்.

வழக்கு பெப்ரவரியில் வந்தது. பின்னறை அண்ணா ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டி, கையைத் தூக்குப் போட்டு வந்திருந்தார். தகப்பனுக்கு எந்தக் கண்ணோ தெரியாது. இவருக்கு இடது கண். கிரேக்கர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். தமிழுக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. நீதவான் அப்பாவைப் பார்த்தார். அப்பா எழும்புவதற்குள் அம்மா, "நோ. மை டோட்டர்" என்றாள். சட்டத்தரணிகள் முணுமுணுத்தார்கள். நீதவான் வெக்கையில் களைத்துப்போயிருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டார்: "பொய் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும், சேர்."

அம்மா சொல்லச் சொல்ல நான் சொன்னேன். கம்பியை, படலையை, மூடிய கண்களை. நானும் பார்த்தவை என்பதால் எனக்குச் சொற்கள் முட்டவில்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். "உங்கள் மகள் எதையும் பார்க்கவில்லை என்று பொலிஸாரிடம் சொன்னாள். நீங்கள் பொய் சொல்கிறீர்களா, அவள் பொய் சொன்னாளா?" நான் அந்தக் கேள்வியையும் தமிழில் அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா யோசிக்கவில்லை. "பிள்ளைதான் பொய் சொன்னவள். தேப்பன் சொல்லிக் குடுத்துச் சொன்னவள். அதைச் சொல்லு."

மண்டபத்தில் அது விளங்கிய ஆட்கள் மூன்று பேர்தான். அப்பா மூன்றாவது வரிசை வாங்கில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதன் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அந்த வார்த்தை ஆங்கிலத்தில் வந்தால் புலமைப்பரிசில் போகலாம், உத்தியோகம் போகலாம் என்று எனக்கு அப்போது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அவருடைய விரல்கள் வெளுத்திருந்தது மட்டும் தெரிந்தது.

"தன் மகள் பயந்துபோயிருந்தாள் என்று சொல்கிறார்" என்றேன்.

நீதவான் தலையாட்டி எழுதினார்.

தமையனுக்கு மறியல். வீட்டுக்காரரை எச்சரித்து விட்டார்கள். பின்னறை அண்ணா வடக்கே கரும்பு வெட்டப் போனதாகக் கேள்விப்பட்டோம். அதன்பிறகு நான் அவரைக் காணவே இல்லை. வழக்கு முடிந்த அன்று நீதிமன்றப் படியில் அவர் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். என்னவோ சொல்லப் பார்த்தார். கடைசியில் "ஓம்" என்றார். வேறு தமிழ் அவருக்குத் தெரியாது.

திரும்பும்போது ட்ராமில் சனம் இல்லை. அப்பா முன் இருக்கையில் எங்களுக்கு முதுகு காட்டி இருந்தார். அம்மாவும் நானும் பின்னால். இரண்டு மூன்று தரிப்புகள் போனபின் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான் சொன்னதை நீ சொல்லேல்லை."

அவளுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அப்பாவுக்காகவோ?"

"ஓம்."

அப்பாவின் முதுகு அசையாமல் நிமிர்ந்திருந்தது. அவருக்குக் கேட்டிருக்கும். அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாக இல்லை. பாடம் சொல்லித் தருகிற குரலும் இல்லை. களைத்துப்போய் இருந்தாள்.

"படலையை அடைச்சவனும் தன்ர தமையனுக்காகத்தான் அடைச்சவன், பிள்ளை" என்றாள்.